ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால்? – ஒரு சின்ன வரலாறு

“மதர்போர்டு போயிடுச்சு. ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அதை அப்படியே வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா ஓடுமா?”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது. டிஸ்க்கையே மாட்டினாலும் சரி, அதை அச்சு அசலாக குளோன் எடுத்து வேறொரு டிஸ்க்கில் இறக்கி மாட்டினாலும் சரி, விஷயம் ஒன்றுதான். கேள்வி மாறவில்லை. பதில்தான் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1990-ல் கேட்டிருந்தால் “ஓடுமே, அதுக்கென்ன?” என்றிருப்பார்கள். 2002-ல் “நீலத்திரைதான் வரும்”. 2010-ல் “பெரும்பாலும் ஓடும், டிரைவரெல்லாம் தேடி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க”. இன்றைக்குக் கேட்டால் கடைக்காரர் நம்மைத் திருப்பிக் கேட்பார்: “அந்த 48 இலக்க நம்பர் உங்ககிட்ட இருக்கா?”

ஒரே கேள்விக்கு ஏன் இத்தனை பதில்? தேடிக்கொண்டே போனால் எல்லாம் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரைப் பற்றிய விவரம், அதாவது இதில் என்ன கன்ட்ரோலர் இருக்கிறது, அதனுடன் எப்படிப் பேசுவது என்பதெல்லாம், எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? டிஸ்க்கிலா, மதர்போர்டிலா? அந்த விவரம் இடம் மாறிய கதைதான் இந்தக் கட்டுரை.

டிஸ்க்கில் இருந்த பயாஸ்

பயாஸ் என்றதும் மதர்போர்டில் இருக்கும் ஒரு சிப்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தப் பெயரை உருவாக்கியவர் கேரி கில்டால். 1970-களில் சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர். அப்போது ஒவ்வொரு கம்பெனியின் மைக்ரோ கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சிபி/எம்மை முழுசாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் கில்டால் ஒரு காரியம் செய்தார். ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் என்று பேர் வைத்தார். புது மெஷினா? அந்தச் சின்னப் பகுதியை மட்டும் மாற்றி எழுது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அவ்வளவுதான்.

அருமையான யோசனை. ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த பயாஸ் இருந்தது டிஸ்க்கில்தான். பூட் டிஸ்க்கின் முதல் சில தடங்களில் சிபி/எம்மோடு சேர்ந்து அதுவும் எழுதப்பட்டிருக்கும். எனவே ஒரு கம்பெனி மெஷினின் பூட் டிஸ்க்கை இன்னொரு கம்பெனி மெஷினில் போட்டால் எழுந்திருக்காது. சிபி/எம்முக்காக எழுதிய புரோகிராம்கள் மெஷின் விட்டு மெஷின் போகும், டிஸ்க் போகாது. இன்றைக்கும் நாம் மோதிக்கொண்டிருக்கும் பிரச்சினையின் முதல் வடிவம் இதுதான்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி இதை மாற்றியது. பயாஸை மதர்போர்டில் ரோம் சிப்பாகவே வைத்துவிட்டார்கள். டாஸ் அந்தச் சிப்பைக் கூப்பிட்டு “இந்த இடத்தில் இருக்கிறதைப் படித்துக் கொடு” என்று கேட்டால் போதும். எப்படிப் படிப்பது என்பது சிப்பின் கவலை.

காம்பேக் கம்பெனி ஐபிஎம்மின் நிரலைக் காப்பியடிக்காமல் அதே வேலையைச் செய்யும் பயாஸைத் தானே எழுதி, 1983-ல் கைப்பெட்டி மாதிரியான கம்ப்யூட்டரை விற்றது. அடுத்த வருஷமே பீனிக்ஸ் கம்பெனி அப்படிப்பட்ட பயாஸை யார் கேட்டாலும் விற்க ஆரம்பித்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஊருக்கு ஊர் குளோன் கம்ப்யூட்டர்கள். ஐபிஎம்மில் எழுந்த டாஸ் டிஸ்க் காம்பேக்கிலும் எழுந்தது, பேர் தெரியாத கம்பெனியின் டப்பாவிலும் எழுந்தது.

சிக்கலே இல்லை என்று சொல்ல முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்ற கணக்கை பயாஸ் செட்டப்பில் நாமே எழுதித் தர வேண்டியிருந்த காலம் அது. பழைய மெஷினில் ஒரு கணக்கு, புது மெஷினில் வேறு கணக்கு என்றால் நல்ல டிஸ்க்கும் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் அந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

விண்டோஸ் 95, 98 காலத்தில் விவரம் மறுபடி டிஸ்க்குக்குக் குடியேறத் தொடங்கியது. பிளக் அண்ட் பிளே வந்தது. கண்டுபிடித்த ஒவ்வொரு கார்டையும் விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொண்டது. மதர்போர்டை மாற்றினால் பழைய பதிவுகளும் புதுசும் சேர்ந்து குழம்பும். இதற்கு மெக்கானிக்குகளிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால், பழைய மெஷினிலேயே ரெஜிஸ்ட்ரியில் ‘எனும்’ என்ற கிளையை அழித்துவிடுவார்கள். புது மெஷினில் விண்டோஸ் எழுந்து, எல்லாவற்றையும் முதல் முறை பார்ப்பது போலத் தேடி, “சிடியைப் போடு, சிடியைப் போடு” என்று பத்துத் தடவை கேட்டு, கடைசியில் ஓடிவிடும்.

*கழற்றுவதற்கு முன்னால்* என்ற அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்பத் திரும்ப வரும்.

ஏணியை எட்டி உதைத்த விண்டோஸ் என்டி

டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் விஎம்எஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிய டேவ் கட்லர் 1988-ல் மைக்ரோசாப்ட்டுக்கு வந்தார். அவருடைய குழு எழுதிய விண்டோஸ் என்டி 1993 ஜூலையில் வெளிவந்தது. அதன் லட்சியமே எந்த ஹார்டுவேரிலும் ஓட வேண்டும் என்பதுதான். 1996-ல் வந்த என்டி 4.0 இன்டெல் மட்டுமல்லாமல் மிப்ஸ், ஆல்ஃபா, பவர்பிசி பிராசஸர்களிலும் ஓடியது. இதைச் சாத்தியமாக்கியது ‘ஹால்’ என்ற ஓர் அடுக்கு. கில்டாலின் யோசனைதான், பெரிய அளவில். மதர்போர்டுக்கு மதர்போர்டு வேறுபடும் சங்கதியெல்லாம் ஹால் என்ற ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும்; மேலே இருக்கும் கெர்னல் கவலைப்பட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், எந்த ஹார்டுவேரிலும் ஓட வேண்டும் என்று எழுதப்பட்ட இந்த விண்டோஸ்தான், ஒரு மெஷினில் ஏற்றிய பிறகு அந்த மெஷினை விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. எப்படி?

ஹால் என்பது ஒரே கோப்பு இல்லை. எக்ஸ்பி சிடியில் பரவலாகப் பயன்பட்டவை மட்டுமே ஆறு வகை. சாதாரண பிசிக்கு ஒன்று, ஏசிபிஐ பிசிக்கு ஒன்று, ஒரு பிராசஸருக்கு ஒன்று, பல பிராசஸருக்கு ஒன்று, இப்படி. இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் மதர்போர்டைப் பார்த்து, பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து டிஸ்க்கில் எழுதிவிடும். கேட்பது ஒரே ஒரு முறைதான், இன்ஸ்டால் செய்யும் அன்றைக்கு மட்டும். அடுத்த பூட்டில் “நான் இன்னும் அதே மதர்போர்டில்தான் இருக்கிறேனா?” என்று அது கேட்டுக்கொள்ளாது.

இது பாதிக் கதைதான். எக்ஸ்பி பூட் ஆவதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் மீதி புரியும். முதலில் பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிக்கிறது. அங்கிருந்து என்டி லோடர் எழுகிறது. லோடர், பயாஸின் உதவியோடுதான் கெர்னலையும் ஹாலையும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் பகுதியையும், ‘பூட்டின்போதே வேண்டும்’ என்று குறிக்கப்பட்ட டிரைவர்களையும் மெமரிக்கு ஏற்றுகிறது. இதுவரை புது மெஷினிலும் எந்தத் தடங்கலும் இல்லை. அதற்கப்புறம் கெர்னல் பொறுப்பேற்கிறது. பொறுப்பேற்றதும் பயாஸைக் கைவிட்டுவிடுகிறது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்த மாதிரி. இனிமேல் டிஸ்க்கைப் படிக்க வேண்டுமானால் தன்னுடைய சொந்த டிரைவர் மூலமாகத்தான் படிக்கும். அந்த டிரைவரோ பழைய மதர்போர்டின் கன்ட்ரோலருக்கானது. புது கன்ட்ரோலருக்கான டிரைவர் டிஸ்க்கிலேயே எங்காவது ஒரு மூலையில் இருக்கலாம். ஆனால் அதை எடுக்க டிஸ்க்கைப் படிக்க வேண்டும். டிஸ்க்கைப் படிக்க அந்த டிரைவர் வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே!

இங்கேதான் நீலத்திரை வருகிறது, 7பி என்று முடியும் குறியோடு. பூட் ஆக வேண்டிய சாதனத்தை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். டிஸ்க் கெட்டுப்போச்சு என்று நினைத்து ஃபார்மட் அடித்துவிட்டவர்கள் ஏராளம். அந்த டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை.

7பி-யைத் தாண்டினாலும் வேறு வம்புகள் இருந்தன. இன்டெல் மெஷினில் எடுத்த எக்ஸ்பி இமேஜை ஏஎம்டி மெஷினில் இறக்கினால், இன்டெல் பிராசஸருக்கான மின்சேமிப்பு டிரைவர் எழுந்து, ஆள் மாறிப்போனதைப் பார்த்துத் தடுமாறி, 7இ என்று இன்னொரு நீலத்திரை காட்டும்.

இதெல்லாம் யாருக்கோ வந்த பிரச்சினை இல்லை. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஏகப்பட்ட மதர்போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர்கள் உப்பி, கசிந்து, போர்டையே சாகடித்தன. டிஸ்க்கை இடம் மாற்ற வேண்டிய தேவை மிக அதிகமாக இருந்த அதே வருஷங்களில்தான் டிஸ்க் இடம் மாற மிகவும் பிடிவாதமாக மறுத்தது. “டேட்டாவை மட்டும் காப்பி பண்ணிக்கோ, விண்டோஸைப் புதுசாப் போடு” என்பது சுலபமான அறிவுரை. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கருமாகப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்தையோ, இழுத்து மூடிய கம்பெனியின் சாஃப்ட்வேரை நம்பி ஓடும் ஒரு பரிசோதனைக் கருவியையோ நினைத்துப் பாருங்கள். அங்கே இன்ஸ்டால் சிடி எப்போதோ தொலைந்திருக்கும். வேலை என்பது கோப்புகளில் மட்டும் இல்லை. இத்தனை வருஷமாகச் சேர்ந்த அந்த மொத்த ஏற்பாட்டில் இருக்கிறது. அதை உயிரோடு தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஆக்லாந்திலிருந்து வந்த பேய்

தூக்கிக்கொண்டு போகும் கருவி நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து வந்தது. பைனரி ரிசர்ச் என்ற சின்னக் கம்பெனியில் மர்ரே ஹாசார்ட் 1990-களின் நடுவில் எழுதிய ‘கோஸ்ட்’ டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும். 1998-ல் சைமன்டெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. ஒரு மெஷினில் எல்லாவற்றையும் ஏற்றி, அந்த டிஸ்க்கை நாற்பது மெஷினுக்கு நகலெடுப்பது கம்ப்யூட்டர் லேப்களில் வழக்கமானது. “கோஸ்ட் அடி” என்பது ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

ஆனால் கோஸ்ட் நன்றாக வேலை செய்தது நாற்பது மெஷினும் ஒரே மாதிரி இருந்தால்தான். நகல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியமாகப் பழைய மதர்போர்டின் நினைவுகளும் கூடவே வரும்.

மைக்ரோசாப்ட்டின் பதில் சிஸ்பிரெப் என்ற கருவி. மூல மெஷினில் அதை ஓட்டினால், அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களைக் கழற்றிவிட்டு, அடுத்த முறை எழும்போது ஹார்டுவேரைப் புதுசாகத் தேடச் சொல்லும். வேண்டுமானால் பல வகை கன்ட்ரோலர்களின் டிரைவர்களையும் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். எக்ஸ்பி நாட்களில் ஹால் வகை ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நின்றது. அக்ரோனிஸ் போன்ற கம்பெனிகள் இன்னொரு வழி பிடித்தன. வெளியிலிருந்து ஒரு சிடியில் பூட் செய்து, படுத்துக்கிடக்கும் விண்டோஸுக்குள் புது ஹாலையும் புது டிரைவரையும் செலுத்துவது. மயக்கத்தில் இருக்கிறவருக்கு அறுவைச் சிகிச்சை. இதையெல்லாம் அறியாதவர்களுக்கு எக்ஸ்பி சிடியின் ‘ரிப்பேர் இன்ஸ்டால்’ இருந்தது. அது பல டிஸ்க்குகளைக் காப்பாற்றியிருக்கிறது.

லினக்ஸ் உலகம் இந்த இடத்தில் வேறு பாதையில் போனது. 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ். எந்த மெஷினில் எழப்போகிறோம் என்று சிடிக்கு முன்னாடியே தெரியாது. அதனால் ஒவ்வொரு பூட்டிலும் ஹார்டுவேரை முதலிலிருந்து தேடும். ஒரு முறை கேட்டு எழுதி வைப்பதா, ஒவ்வொரு முறையும் கேட்பதா என்ற கேள்விக்கு இது தெளிவான பதில். டெபியன் இன்றும் இயல்பாகவே பெரும்பாலான டிஸ்க் டிரைவர்களைத் தன் ஆரம்ப மெமரி இமேஜிலேயே சேர்த்து வைக்கிறது. லினக்ஸ் டிஸ்க் இடம் மாறும்போது வருவது சில்லறைத் தொல்லைகள்தான். எச்டிஏ என்றிருந்த டிஸ்க் எஸ்டிஏ ஆகிவிடும், அல்லது ஈத்0 என்ற நெட்வொர்க் கார்டு ஈத்1 ஆகிவிடும். டிஸ்க்குக்குப் பெயருக்குப் பதில் தனி அடையாள எண் கொடுக்க ஆரம்பித்ததும் முதல் தொல்லையும் போனது.

2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவை யாரும் பாராட்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். விஸ்டாவின் டிவிடியில் இருந்தது ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகி, சிஸ்பிரெப் செய்யப்பட்ட ஒரு விண்டோஸின் நகல். இன்ஸ்டால் செய்வது என்றால் அந்த நகலை நம் டிஸ்க்கில் பிரித்து வைப்பதுதான். ஹால் வகைத் தொல்லையும் தீர்ந்தது. அதாவது, அன்றிலிருந்து உலகத்தில் நடக்கும் ஒவ்வொரு விண்டோஸ் இன்ஸ்டாலேஷனுமே, குளோன் செய்த டிஸ்க்கை வேறு ஹார்டுவேருக்கு மாற்றும் வேலைதான்! மைக்ரோசாப்ட்டே தினமும் அதைச் செய்ய வேண்டி வந்ததால் வழி சுத்தமானது. பயன்படுத்தாத டிஸ்க் டிரைவர்களை விஸ்டாவும் விண்டோஸ் 7-ம் முடக்கி வைத்ததால், ஐடிஇ-யிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாறும்போது மட்டும் பழைய 7பி எட்டிப் பார்த்தது. 2012-ல் விண்டோஸ் 8-ன் ஒரு பதிப்பு யூஎஸ்பி குச்சியிலேயே மெஷின் மெஷினாகச் சுற்றி வந்தது.

முடியாது என்பது போய்…

தொழில்நுட்பத் தடை இப்படித் தளர்ந்துகொண்டிருந்தபோதே இன்னொரு தடை ஏறிக்கொண்டிருந்தது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, மெஷினின் பத்து அம்சங்களைக் குறித்து வைத்துக்கொண்டது. டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டு, ரேம் அளவு, பிராசஸர், டிஸ்க், சிடி டிரைவ் இப்படி. அதில் பல மாறிவிட்டால் “மறுபடி ஆக்டிவேட் செய்” என்று நிற்கும். பெரிய கம்பெனி கம்ப்யூட்டர்களோடு வந்த விண்டோஸோ, அந்தக் கம்பெனியின் பயாஸில் உள்ள ஒரு குறிப்பிட்ட வரியைத் தேடும். அது இல்லாத போர்டில் செல்லாது. டிஸ்க் பழைய மதர்போர்டை நினைவில் வைத்திருப்பது இதுவரை எழுதியவர்கள் யோசிக்காமல் விட்ட விளைவு. இது வேண்டுமென்றே வைத்த நினைவு.

அடுத்தது பிட்லாக்கர். அதுவும் விஸ்டாவோடுதான் வந்தது. டிஸ்க் முழுக்க மறையாக்கப்பட்டு, சாவி மதர்போர்டின் டிபிஎம் சிப்பில் பூட்டப்படுகிறது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 கட்டாயம். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையா, டேட்டாவும் இல்லை. சில மடிக்கணினிகளில் டிஸ்க் என்பதே போர்டோடு பற்றவைக்கப்பட்ட சிப். கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைச் சதி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. திருடன் கையில் போன லேப்டாப்பின் டிஸ்க்கை அவன் வேறு மெஷினில் மாட்டிப் படிக்கக் கூடாது என்பது நியாயமான ஆசைதான். ஆனால் மதர்போர்டு செத்துப்போன உரிமையாளரும் திருடனும் டிபிஎம் சிப்புக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். 1990-களில் ‘வழி தெரியவில்லை’ என்று நின்ற டிஸ்க், இப்போது ‘நீ யார்?’ என்று கேட்டு நிற்கிறது. முதல் பிரச்சினையைக் கெட்டிக்காரத்தனத்தால் தீர்க்க முடிந்தது. இரண்டாவதை முடியாது, முடியாதபடிதான் அது கட்டப்பட்டிருக்கிறது.

மாறாத மதர்போர்டு

பழைய ஏற்பாட்டை உயிரோடு வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி பக்கத்திலேயே வளர்ந்தது. 1999-ல் விஎம்வேர், ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டியது. அந்த உள் கம்ப்யூட்டருக்குத் தெரிவது இன்டெல் 440பிஎக்ஸ் என்ற 1998 காலத்து மதர்போர்டு. வெளியே எத்தனை மெஷின் மாறினாலும் உள்ளே அதே போர்டுதான். ஹார்டுவேரே மாறாவிட்டால் ஹார்டுவேர் மாறும் பிரச்சினை ஏது? 2009-ல் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் வெளியிட்ட டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே மெய்நிகர் டிஸ்க்காக நகலெடுத்துவிடும். அப்படி ஒரு புது லேப்டாப்புக்குள் பழைய எக்ஸ்பியைக் குடிவைத்து வேலை பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள், பழைய வகை கார்டு போன்றவற்றை நம்பியிருக்கும் சாஃப்ட்வேர்களுக்கு மட்டும் இது சரிப்படாது.

இத்தனை வருஷ வைத்தியங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. துண்டுக் காகிதத்தில் சிலிண்டர் எண்ணைக் குறிப்பது, ‘எனும்’ கிளையை அழிப்பது, சிஸ்பிரெப் ஓட்டுவது, மெய்நிகர் டிஸ்க்காக நகலெடுப்பது, 48 இலக்க எண்ணை அச்செடுத்து வைப்பது என்று ஏறக்குறைய எல்லாமே பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை. அது செத்த பிறகும் கைகொடுத்தவை ரிப்பேர் இன்ஸ்டாலும் அக்ரோனிஸ் வகை அறுவைச் சிகிச்சையும்தான். அவை இரண்டுமே மறையாக்கப்பட்ட டிஸ்க்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

எனவே உங்கள் மேசையில் இருக்கும் அந்தப் பழைய மெஷின் இன்றைக்குக் காலையிலும் ஒழுங்காக எழுந்தது என்றால், அதை இடம் மாற்றுவதற்கான நல்ல நேரம் இதுதான். குறைந்தபட்சம் அந்த எண்ணையாவது ஒரு காகிதத்தில் எழுதி, அந்த மெஷினுக்கு வெளியே எங்காவது வையுங்கள்.